கியர்பொக்சுக்கு எந்த ஒயில்?

ஜனவரி மாதம், விடிய ஐந்து மணி. வெளியே மைனஸ் 18 பாகை. ட்வெய்ட்டாவில் மாடிக்கட்டடத்துக்குக் கீழே நின்ற எமது பழைய கார் ஸ்ரார்ட் ஆகிவிட்டது. ஆனால் இரண்டாம் கியர் விழ மறுக்கிறது. தள்ளினால் கரகரவென்று சத்தம். வேலைக்குப் பிந்தக்கூடாது என்ற பயத்தில் முதலாம் கியரிலேயே ஊர்ந்தோம்.

பிழை காரில் இல்லை, எம்மில்தான். அதற்கு முந்திய கோடையில் கியர்பொக்ஸ் ஒயிலை நாமே மாற்றியிருந்தோம். மலிவாகக் கிடைத்த போத்தலில் 85டபிள்யூ-140, ஜி.எல்-5 என்று எழுதியிருந்தது. கியர் ஒயில் என்றால் கியர் ஒயில்தானே என்று ஊற்றிவிட்டோம். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் கார் ஓடியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கிடைத்ததை ஊற்றி ஓடுவது எமக்குப் பழகிய விடயம். ஆனால் இந்தக் குளிரில் அது சரிவராது.

போத்தலில் இரண்டு விடயங்களைப் பார்க்கவேண்டும். முதலாவது தடிப்பு. டபிள்யூ என்ற எழுத்துக்கு முன்னால் உள்ள எண் குளிரைக் குறிக்கும். 85டபிள்யூ மைனஸ் 12 பாகை வரை கணக்குப் பண்ணிய ஒயில். 80டபிள்யூ மைனஸ் 26 வரை, 75டபிள்யூ மைனஸ் 40 வரை. எமது 85 அன்று காலை பனம்பாணி போல இறுகியிருந்தது. எஞ்சின் ஒயிலின் எண்களோடு இவற்றை ஒப்பிடக்கூடாது. இரண்டுக்கும் அளவுகோல் வேறு.

இரண்டாவது ஜி.எல் எண். கியர் மாற்றும்போது கியர்பொக்சுக்குள் இருக்கும் சிறிய வளையங்கள் உரசிப் பிடித்து, சுழலும் இரண்டு பாகங்களின் வேகத்தையும் சமப்படுத்துகின்றன. பல கார்களில் இவை பித்தளை. ஜி.எல்-5 ஒயில், பின் அச்சில் உள்ள டிபரன்சியலின் கடும் அழுத்தத்துக்காகச் செய்தது. அதில் கந்தகமும் பொஸ்பரசும் சேர்ந்த மருந்து கூட. அது வளையங்களை வழுக்கச் செய்யும், சிலவேளை பித்தளையை அரிக்கும். ஆகவே ஜி.எல்-4 கேட்கும் கியர்பொக்சுக்கு ஜி.எல்-5 ஊற்றக்கூடாது.

அப்படியானால் எல்லோரும் 75டபிள்யூ-90 ஜி.எல்-4 வாங்கினால் போதுமா? போதாது. ஊரில் ஓடிய மொறிஸ் மைனரின் கியர்பொக்சுக்கு எஞ்சின் ஒயில்தான், பின் அச்சுக்கு மட்டும் கியர் ஒயில். பழைய ஹொண்டாக்களுக்கும் எஞ்சின் ஒயிலே. வேறு சில கார்களின் கியர்பொக்சுக்கு, கையால் கியர் போடுவதாக இருந்தாலும், ஓட்டோமற்றிக் ஒயில் ஊற்றச் சொல்கிறார்கள். தொழிற்சாலையில் மெசினுக்கு மெசின் ஒயில் மாறுவதைப் பார்க்கும் எமக்கு இது புதிதல்ல.

ஆகவே காரோடு வந்த கைநூலைப் பாருங்கள். அது இல்லாவிட்டால், உதிரிப்பாகக் கடையில் கார் இலக்கத்தைக் கொடுத்து எந்த 'யீர்உல்யே' என்று கேளுங்கள். பாஷை சரியாக வராவிட்டாலும் வெட்கப்படவேண்டாம். இலக்கத்தை எழுதிக் காட்டினால் போதும்.

நீங்களே மாற்றுவதானால் காரைச் சமதரையில் நிறுத்தி, ஸ்ராண்டில் உறுதியாக வைத்தபின் மட்டும் கீழே போங்கள். முதலில் ஊற்றும் மூடியைக் கழற்றுங்கள். அது இறுகிக் கழராமல் இருக்கையில் கீழ் மூடியைத் திறந்தால், ஒயில் இல்லாத காரோடு நிற்கவேண்டி வரும். பெரும்பாலான கார்களில் ஊற்றும் துவாரத்தின் கீழ் விளிம்பு மட்டும் நிரம்பினால் போதும். கழிவு ஒயிலைக் கானுக்குள் ஊற்றாமல் கலனில் அடைத்து ஹரல்ருட் மீள்சுழற்சி நிலையத்தில் கொடுங்கள்.

பிறகு நாமும் சரியான ஒயிலை ஊற்றினோம். காலையில் இருந்த விறைப்புப் போய்விட்டது. இரண்டாம் கியரின் கரகரப்புப் போகவில்லை. தேய்ந்த வளையத்தை எந்த ஒயிலும் திருப்பித் தராது. கியர்பொக்ஸ் திருத்தக் கேட்ட காசு, நாம் கார் வாங்கிய காசிலும் கூட. மிச்சம் பிடித்ததோ ஒரு போத்தலின் விலை.