குழந்தை வழக்கில் வாய்தா

தூத்துக்குடி மாதிரி துறைமுக ஊரில் குடும்ப நீதிமன்றத்தில் வாய்தா கேட்க ஒரு நல்ல காரணம் எப்பவும் கையிருப்பில் இருக்கும்: "கட்சிக்காரர் கப்பல்ல இருக்கார், இறங்க ஆறு மாசம் ஆகும்." பொய்யாகக்கூட இருக்காது.

நிலத் தகராறில் ஆறு மாசம் தள்ளிப்போனால் நிலம் அங்கேயேதான் கிடக்கும். குழந்தை அப்படியா? 1956-ம் வருட இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-வது பிரிவுப்படி, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்கணும். அம்மா மனு போடும்போது பிள்ளைக்கு நாலேகால் வயது என்று வையுங்கள். நாலைந்து வாய்தா போனால் ஐந்து முடிந்துவிடும். அப்புறம் எதிர்த்தரப்பு, "பிள்ளை இந்த ஸ்கூல்ல பழகிட்டு, இப்போ பிடுங்கி நடாதீங்க" என்பார்கள். குழந்தையின் நலன்தான் அளவுகோல் என்பதால் நீதிபதி அதை ஒதுக்கவும் முடியாது. ஆக, பிள்ளையைக் கையில் வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு வாய்தாவும் லாபம்.

(முத்துக்குளித்துறையின் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இந்த ஐந்து வயது விதி கிடையாது. ஆனால் எல்லா மதத்துக்கும் பொதுவான 1890-ம் வருட காப்பாளர் சட்டம் உண்டு. பழகிட்டு என்கிற வாதம் அங்கேயும் அப்படியே ஓடும்.)

சட்டத்தில் கெடுவே இல்லையா என்றால், இருக்கிறது. 2001 திருத்தம், விவாகரத்து வழக்கு நடக்கும்போது குழந்தையின் பராமரிப்பு, படிப்பு பற்றிய மனுவை நோட்டீஸ் சார்வானதிலிருந்து கூடியவரை 60 நாளில் முடிக்கச் சொல்கிறது. குழந்தை யாரிடம் இருப்பது என்பது அந்த வரியில் இல்லை. ஃபீஸுக்குக் கெடு வைத்தவர்கள் பிள்ளைக்கு வைக்கவில்லை! எனக்கு இது இன்றுவரை புரியாத விஷயம்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 17 ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாதான் என்கிறது. வக்கீலுக்கு வேறு கோர்ட்டில் வேலை என்பது காரணமே ஆகாது என்றும் சொல்கிறது. ஆனால் 2005-ல் சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்சிக்காரரின் கையை மீறிய நிலைமையில் மூன்றுக்கு மேலும் தரலாம் என்றது. போதாததற்கு, சமரசத்துக்கு வாய்ப்பிருந்தால் குடும்ப நீதிமன்றமே வழக்கைத் தள்ளிவைக்கலாம் (1984 சட்டம், பிரிவு 9). இது நல்ல ஏற்பாடுதான், ஆனால் சமரசம் பேசுகிறேன் என்று சொல்லிக்கொண்டே ஒரு வருஷத்தை ஓட்டிவிடவும் முடியும்.

இங்கிலாந்தின் 1989 குழந்தைகள் சட்டம், தாமதமே குழந்தையின் நலனைக் கெடுக்கக்கூடும் என்று முதல் பிரிவிலேயே எழுதி வைத்திருக்கிறது. நாடு விட்டு நாடு தூக்கிப்போன குழந்தைகளுக்கான 1980 ஹேக் ஒப்பந்தத்தில் கணக்கு இன்னும் வெளிப்படை: ஒரு வருஷத்துக்குள் வழக்கு வந்தால் திருப்பி அனுப்பு; தாண்டிவிட்டால், பிள்ளை அங்கே ஊன்றிவிட்டதா என்று பார். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை அதில் சேர்ந்துவிட்டது, இந்தியா சேரவில்லை.

அதனால் வாய்தாவை எதிர்ப்பதைவிட, அதற்கு நிபந்தனை கேட்பது புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. 1890 சட்டத்தின் 12-வது பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்கலாம்: வாய்தா தாங்க, ஆனா அதுவரைக்கும் சனி, ஞாயிறு பிள்ளை என்கிட்ட இருக்கட்டும். கப்பலில் இருப்பவருக்கும் ஒரு வழி உண்டு. சமரச முயற்சி முறிந்தபின், இரு தரப்பும் சேர்ந்து கேட்டால் காணொலி விசாரணை நடத்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எல்லாம் கேட்டும் இழுத்துக்கொண்டே போனால்? வாய்தா உத்தரவுமேல் அப்பீல் கிடையாது. இடைக்கால உத்தரவுகளை அந்த 1984 சட்டத்தின் 19-வது பிரிவே விலக்கிவிட்டது. இத்தனை மாதத்துக்குள் முடிக்கச் சொல்லுங்கள் என்று அரசியலமைப்பின் 227-வது பிரிவில் உயர் நீதிமன்றத்துக்குப் போகணும். தூத்துக்குடிக்காரர்களுக்கு அது மதுரைக் கிளை.