அம்மாவின் விரலில் தேய்மானம்!

"நெட்டி முறிக்காதேடா, விரல் முட்டியெல்லாம் வீங்கிப் போயிடும்!"

ஒரு பக்கம் எழுதி முடித்ததும் பத்து விரலையும் 'படக்... படக்' என்று முறிப்பது எனக்கொரு சுகம். இருபது வருஷமாக அம்மாவிடம் வசவு வாங்கியும் விடவில்லை. கடைசியில் வீங்கித்தான் போனது. எனக்கல்ல, அம்மாவுக்கு!

வாய் திறந்து சொல்லவில்லை. ஒரு வாரமாகத் தேங்காய்ச் சட்னி வரவில்லை, தக்காளிச் சட்னியை நக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன் (அப்பாவி!). ஒரு நாள் ஊறுகாய் பாட்டிலை நீட்டி, "திறந்து குடுடா" என்றபோதுதான் அந்தக் கையைப் பார்த்தேன். நகத்துக்குக் கீழே கணுவுக்குக் கணு புடைப்பு.

அவள் பயம் வேறு. பெரியம்மா முடக்குவாதத்தில் விரல்கள் கோணி, சாதம் பிசையக்கூட முடியாமல் கிடந்தவள். 'நமக்கும் அதேதான்' என்று தானே தீர்ப்பெழுதி, எதிர் வீட்டம்மா கொடுத்த பேரில்லாத மாத்திரையை இரண்டு மாசமாக விழுங்கியிருக்கிறாள். வலி மாயமாய்ப் போகுமாம். கூடவே வயிறு எரியுமாம்.

டாக்டர் மாத்திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எதிரிக்கும் வேண்டாம், ஸார்!

"இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். வயித்துல புண், சர்க்கரை, எலும்பு பலவீனம்னு வரிசையா வரும். அதுக்காக நீங்களா சட்டுனு நிறுத்தவும் கூடாது. நான் சொல்றபடி குறைங்க."

அப்புறம் அம்மாவிடம் கேட்டார்: "காலையில எவ்வளவு நேரம்மா விரல் விறைப்பா இருக்கும்?"

"காப்பி போட்டு இறக்கறவரைக்கும்."

டாக்டர் சிரித்துவிட்டார். தேய்மானமென்றால் விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். முடக்குவாதமென்றால் ஒரு மணிக்கு மேலும் இழுக்குமாம். புடைப்பை அழுத்தினார். எலும்பாய்க் கெட்டி. முடக்குவாத வீக்கம் மெத்தென்றிருக்கும். உள்ளங்கையை ஒட்டிய முட்டிகளைத்தான் அதிகம் பிடிக்கும். சந்தேகம் தீர ரத்தப் பரிசோதனை, எக்ஸ்-ரே.

"தேய்மானம்தான்!"

பி.காமில் நான் உருப்படியாகப் படித்த ஒரே பாடம்! ஆனால் கணக்கில் தேய்ந்தால் குறையும். இங்கே குருத்தெலும்பு தேயத் தேய ஓரத்தில் புது எலும்பு முளைக்கிறது. தேய்ந்ததைத் திரும்ப வளர்க்க மருந்தில்லை. வலியைக் குறைக்க வெதுவெதுப்பான தண்ணீர், டைக்ளோஃபெனாக் ஜெல், விரலை மெல்ல மடக்கி நீட்டும் பயிற்சி. கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடியாக்கினோம். துணி பிழிவதும் தேங்காய் துருவுவதும் என் தலையில்.

துருவிக்கொண்டே அம்மாவிடம் சொன்னேன். அமெரிக்காவில் டொனால்ட் அங்கர் என்றொரு டாக்டர். அவர் அம்மாவும் இதே மாதிரி மிரட்ட, இடது கை விரல்களை மட்டும் அறுபது வருஷத்துக்கு மேல் நெட்டி முறித்துப் பார்த்தார். இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை! (ஒரே ஆள் கை போதுமா என்று கேட்காதீர்கள்.) 2009-ல், சிரிக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தருகிற 'இக் நோபல்' பரிசும் கொடுத்தார்கள்.

"அறுபது வருஷமா அம்மா பேச்சைக் கேக்காத பிள்ளைக்குப் பரிசு வேறயா?" என்றபடி அடுத்த மூடியை என் பக்கம் தள்ளினாள் அம்மா.