கம்ப்யூட்டர்களை எண்ணாதீர்கள், அச்சு எந்திரத்தைத் தேடுங்கள்

பக்க வடிவமைப்பும் கணிப்பொறிவழிப் படத் திருத்தமும் படிக்க விரும்பும் மாணவர்கள் கல்லூரி தேடும்போது, பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, “அங்கே எத்தனை கம்ப்யூட்டர் இருக்கிறது?” என்பதுதான். அங்கே ஓர் அச்சு எந்திரம் ஓடுகிறதா என்று கேட்பது அதைவிட மேல். ஏன் என்று பார்ப்போம்.

திரை ஒளியை உமிழ்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளும் முழு அளவில் சேர்ந்தால் வெள்ளை. தாளின் கதை வேறு. தாள்மீது விழும் வெள்ளொளியில் ஒரு பகுதியை மை விழுங்கிவிடுகிறது. எஞ்சியதே நம் கண்ணுக்கு வருகிறது. சையான் மை சிவப்பை விழுங்கும். மஜென்டா பச்சையை விழுங்கும். மஞ்சள் நீலத்தை விழுங்கும். மூன்றும் சேர்ந்தால் கறுப்பு வரவேண்டும் அல்லவா? எந்த மையும் அவ்வளவு தூயதல்ல. மங்கிய பழுப்புதான் வருகிறது. ஆகவே கறுப்பை நான்காவது மையாகச் சேர்க்கிறார்கள். திரையில் கண்ணைப் பறித்த பச்சை தாளில் ஏறியதும் சோர்ந்து போவதை எந்திரத்தின் பக்கத்தில் நின்றே பார்க்கவேண்டும்.

அடுத்து ஒரு கணக்கு. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 படப்புள்ளிகள் வேண்டும் என்பார்கள். நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம்வரை பிரித்தறியும். புத்தகத்தை 30 செ.மீ. தொலைவில் பிடித்தால் அது சுமார் 0.09 மி.மீ. இப்போது ஓர் அங்குலத்தை, அதாவது 25.4 மி.மீட்டரை, 300ஆல் வகுத்துப் பாருங்கள். 0.085 மி.மீ.! ஏ4 தாளை நிறைக்கும் படத்துக்கு 2480 × 3508, ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகள் தேவை. ஆனால் 10 மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் விளம்பரப் பலகைக்கு இதே கணக்கின்படி அங்குலத்துக்கு 9 புள்ளிகள் போதும். இதை விளக்கும் ஆசிரியர் இருக்கிறாரா, “300 போடு” என்பதோடு நிறுத்திக்கொள்பவரா என்று விசாரியுங்கள்.

பாடத்திட்டத்தையும் வாங்கிப் பாருங்கள். 1985இல் வந்து மேசைப் பதிப்பைத் தொடங்கிவைத்த பேஜ்மேக்கர், 2001இல் வெளியான 7ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. இன்னும் அதையே நடுநாயகமாக வைத்திருக்கும் இடத்துக்குக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டவேண்டாம்!

கணிதமும் இயற்பியலும் பிடித்தவர்களுக்குக் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் அச்சுத் தொழில்நுட்பப் பட்டப்படிப்பு உண்டு. கை வரைவதில் ஓடுகிறது என்றால், 1961இல் தொடங்கிய அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் நுழைவுத் தேர்வை எழுதலாம். பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவரும் எழுதலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

எந்தக் கல்லூரிக்குப் போனாலும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். இறுதியாண்டு மாணவர்கள் அச்சிட்டதைக் கேட்டு வாங்கி, படங்களின் ஓரத்தைப் பாருங்கள். நான்கு வண்ணங்களும் பிசகாமல் பொருந்தியுள்ளனவா, ஒரு வண்ணம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா? அப்படி அச்சிட்டது எதுவுமே இல்லை என்றால், விண்ணப்பப் படிவத்துக்குப் பணம் கட்டாமல் அடுத்த கல்லூரிக்குப் பேருந்து ஏறலாம்.