டி.ஏ.பி-யோடு ஜிங்க் சல்பேட்டைக் கலக்கலாமா?

நெல் நட்ட 2 முதல் 4 வாரத்துக்குள், வயலில் திட்டுத் திட்டாகப் பயிர் குட்டையாக நின்றுவிடும். இளம் இலைகளின் நடுநரம்பு அடிப்பகுதியில் வெளுத்திருக்கும். கீழ் இலைகளில் துருப் பிடித்தாற்போலப் பழுப்புப் புள்ளிகள் பரவும். தழைச்சத்து போதவில்லை என்று யூரியாவைக் கூட்டுபவர்களும், நோய் என்று மருந்தடிப்பவர்களும் உண்டு. இரண்டிலும் செலவுதான் மிச்சம். இது துத்தநாகக் குறைபாடு. வடக்கே 'கைரா' என்று அழைக்கப்பட்ட இந்தப் பாதிப்புக்குத் துத்தநாகக் குறைவே காரணம் என்று 1966-ல் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் ஒய்.எல்.நெனே கண்டறிந்தார்.

மண்ணில் இருந்தும் கிடைக்காது

களர் மண், சுண்ணாம்பு மண், தண்ணீர் வடியாத வயல் ஆகியவற்றில் துத்தநாகம் கரையாத வடிவத்துக்கு மாறி முடங்கிவிடும். மணிச்சத்து அளவுக்கு மேல் சேர்ந்த நிலத்திலும் இதே கதைதான்.

எந்த உரத்தில் எவ்வளவு?

பரவலாகக் கிடைக்கும் படிக வடிவ ஜிங்க் சல்பேட்டில் (ஹெப்டாஹைட்ரேட்) 21 சதவிகிதம் துத்தநாகம் உண்டு. மோனோஹைட்ரேட்டில் 33 சதவிகிதம். எனவே, முதல் வகையில் 10 கிலோ தரும் சத்தை இரண்டாவது வகையில் ஆறரை கிலோவே தந்துவிடும். மூட்டையில் அச்சிட்டிருக்கும் சதவிகிதத்தைப் பார்த்து விலையை ஒப்பிட வேண்டும்.

கலந்தால் வீண்

ஜிங்க் சல்பேட் தண்ணீரில் நன்றாகக் கரையும். ஆனால், மணிச்சத்தோடு சேர்ந்தால், கரையாத ஜிங்க் பாஸ்பேட்டாக மாறிவிடும். அதை வேர் எளிதில் எடுக்க முடியாது. டி.ஏ.பி அல்லது சூப்பர் பாஸ்பேட்டுடன் ஒரே கூடையில் கலந்து வீசினால் இதுதான் நடக்கும். மணிச்சத்து உரத்தை உழவில் மண்ணோடு கலந்துவிட்டு, வயலைச் சமன்படுத்திய பிறகு, நடவுக்கு முன், ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ உலர்ந்த மணலில் கலந்து மேலாகத் தூவ வேண்டும். பசுந்தாள் உரமிட்ட வயலுக்கு இதில் பாதி போதும்.

போலியைக் கண்டுபிடிக்க

துத்தநாகத்தை முடக்கும் அதே குணம், கலப்படத்தைக் காட்டிக்கொடுக்கவும் உதவும். ஜிங்க் சல்பேட் என்று மெக்னீசியம் சல்பேட்டை விற்பது உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். டி.ஏ.பி கரைசலையும் வாங்கிய உரத்தின் கரைசலையும் கண்ணாடி டம்ளரில் கலந்தால், அசல் ஜிங்க் சல்பேட் திரிந்த பால்போலக் கட்டி தட்டும். மெக்னீசியம் சல்பேட் அப்படிக் கட்டி தட்டாது. இது முதற்கட்டச் சோதனைதான். சந்தேகம் இருந்தால், வேளாண்மை அலுவலரிடம் சொல்லி மாதிரியை உர ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

நின்ற பயிரில் அறிகுறி தெரிந்தால்...

10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட், 100 கிராம் யூரியா கலந்து, அறிகுறி மறையும்வரை 15 நாள் இடைவெளியில் இலைவழியாகத் தெளிக்கலாம். தேங்கிய தண்ணீரை வடித்துவிடுவதும் அவசியம். தூர் கட்டும் பருவம் தாண்டினால், இழந்த தூர்கள் திரும்ப வராது. அதனால், அடுத்த பட்டத்துக்கு முன்பே மண் பரிசோதனை செய்து, துத்தநாகம் 1.2 பி.பி.எம்-க்குக் குறைவாக இருந்தால் அடியுரத்திலேயே கவனிப்பதுதான் லாபம்.