ஜீவனாம்சம்: உத்தரவு கையில், பணம் எங்கே?

தந்தை கைவிட்ட குழந்தைக்கு மாதம் அதிகபட்சம் 500 ரூபாய். 1973ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு விதித்திருந்த இந்த உச்சவரம்பு 2001ல்தான் நீங்கியது. 2024 ஜூலை முதல் அதே ஷரத்து, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவு. எண் மாறியதே தவிர வசூலிக்கும் வழி அப்படியேதான்.

மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளத்தில் பிடித்துவிடலாம். ரிக்‌ஷா இழுக்கும் தகப்பனிடம் எதைப் பிடிப்பது? இரு தரப்பும் வருமானத்தைப் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்று 2020ல் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. நல்ல உத்தரவுதான், தினக்கூலிக்கு ஏது சம்பளச் சீட்டு?

மிஞ்சுவது வாரண்ட். பாக்கி வைத்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை. உள்ளே இருப்பவருக்குக் கூலி கிடையாது. குழந்தைக்கும் காசு வராது. சிறைவாசத்தால் பாக்கி தீர்ந்துவிடாது என்று 1988ல் குல்தீப் கவுர் வழக்கில் தீர்ப்பானது. ஆனால் பாக்கி விழுந்த ஒரு வருடத்துக்குள் வாரண்டுக்கு மனுப் போட்டாக வேண்டும். பாத்திரம் தேய்த்துப் பிழைக்கும் தாய்க்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலி நஷ்டம். அவர் ஊர் மாறிவிட்டால், புது விலாசத்தைத் தேடிக் கொடுப்பதும் பெரும்பாலும் இவர் தலையில்தான்.