வாத்தியாருக்கும் ஒரு ஓட்டு. வாண்டுக்கும் ஒரு ஓட்டு!

மணி அடிக்கிறது. பாடம் தொடங்குகிறது. ஒரு பையன் கணக்கு வகுப்புக்குப் போகிறான். இன்னொரு பையன் போகவில்லை. மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு சீட்டி அடிக்கிறான்!

ஆசிரியர் அவனைப் பார்க்கிறார். கோபிக்கவில்லை. காதைத் திருகவில்லை. "ஏன் வரவில்லை?" என்றுகூடக் கேட்கவில்லை. தம் வழியே போய்விடுகிறார்.

இப்படியும் ஒரு பள்ளிக்கூடமா என்று கேட்பீர்கள். உண்டு. நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. அதன் பெயர் சம்மர்ஹில்.

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், சபோக் என்ற மாவட்டத்தில், லெய்ஸ்டன் என்று ஒரு சிற்றூர். லண்டனிலிருந்து சுமார் 100 மைல் தூரம். கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறது. அங்கேதான் இந்தப் பள்ளி. பையன்களும் பெண்களும் சேர்ந்து படிக்கிறார்கள். பெரும்பாலோர் அங்கேயே தங்குகிறார்கள். பல தேசத்துப் பிள்ளைகள் வருகிறார்கள்.

மிகச் சிறிய பள்ளிதான். 1960-ல் மாணவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 45! ஆனால் அந்த ஆண்டுக்குப் பிறகு உலகம் முழுவதும் அதன் பெயர் பரவியது.

பிரம்பைக் கண்டு வெறுத்தவர்

இந்தப் பள்ளியைத் தொடங்கியவர் ஏ. எஸ். நீல். 1883-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் கிராமத்து வாத்தியார். அந்தக் காலத்து ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் தோல் வார்தான் ராஜா. தவறு செய்தால் உள்ளங்கையில் வார் அடி விழும்.

நீல் தம் தகப்பனாரிடமே படித்தார். பிறகு அவரிடமே மாணவ ஆசிரியராக வேலை பார்த்தார். அடிக்குப் பயந்து படிக்கும் பிள்ளைகளை நெடுநாள் பார்த்தார். பயம் இருக்கும் இடத்தில் படிப்பு ஏறாது என்ற முடிவுக்கு வந்தார்.

1921-ல் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகருக்கு அருகே தம் பள்ளி வேலையைத் தொடங்கினார். அங்கிருந்து ஆஸ்திரியா போனார். அதன் பிறகு இங்கிலாந்துக்கு வந்தார். அங்கே முதலில் பள்ளி நடந்த வீட்டின் பெயர்தான் சம்மர்ஹில். 1927-ல் லெய்ஸ்டனுக்கு மாறியபோது அந்தப் பெயரும் கூடவே வந்துவிட்டது.

ஏழு நாளும் ஏழு விதம்

1960-ல் வெளிவந்த "சம்மர்ஹில்" என்ற புத்தகத்தில், ஒரு வாரம் எப்படிக் கழிகிறது என்று நீல் எழுதியிருக்கிறார்.

காலையில் பாடம் நடக்கும். விருப்பம் உள்ளவர்கள் போகலாம். பிற்பகல் முழுவதும் அவரவர் இஷ்டம். சிலர் பட்டறையில் மரவேலை செய்வார்கள். சிலர் படம் வரைவார்கள். சின்னப் பிள்ளைகள் திருடன், போலீஸ் என்று ஓடி ஆடுவார்கள்.

மாலை வந்துவிட்டால் நாளுக்கு ஒரு விசேஷம்.

திங்கட்கிழமை ஊருக்குள் போய் சினிமா பார்ப்பார்கள். செவ்வாய்க்கிழமை பெரிய மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மன இயல் பற்றி நீல் பேசுவார். அதே நேரத்தில் சிறுவர்கள் கூடிக் கதைப் புத்தகம் படிப்பார்கள். புதன்கிழமை நடனம். வியாழக்கிழமை தனி நிகழ்ச்சி எதுவும் இல்லை. கையில் காசு மிச்சம் இருந்தால் மறுபடி சினிமா! வெள்ளிக்கிழமை நாடக ஒத்திகை போன்றவை நடக்கும். குளிர் காலத்து ஞாயிறுகளில் நாடகம் அரங்கேறும். அந்த நாடகங்களை வெளியில் தேட மாட்டார்கள். பள்ளியில் உள்ளவர்களே எழுதுவார்கள்.

சனிக்கிழமையை விட்டுவிட்டோமே! அதுதான் வாரத்தின் மிக முக்கியமான நாள்.

சனிக்கிழமைச் சபை

சனிக்கிழமை இரவு பள்ளியின் பொதுச் சபை கூடும். நம் ஊர்ப் பஞ்சாயத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள், ஆசிரியர்கள், தலைமை ஆசிரியர் எல்லோரும் வந்து உட்காருவார்கள்.

என் சைக்கிளை அவன் கேட்காமல் எடுத்துப் போனான் என்று ஒருவன் புகார் சொல்லலாம். ராத்திரியில் சத்தம் போட்டு என் தூக்கத்தைக் கெடுத்தாள் என்று ஒருத்தி சொல்லலாம். சபை இரு தரப்பையும் கேட்கும். பிறகு ஓட்டெடுப்பு. குற்றம் உண்மையானால் அபராதம் உண்டு. கைச்செலவுக் காசில் கொஞ்சம் பிடிப்பார்கள். அல்லது ஒரு நாள் சினிமா கிடையாது.

அடி மட்டும் கிடையவே கிடையாது.

ஆறு வயதுக் குழந்தைக்கும் ஒரு ஓட்டு. தலைமை ஆசிரியருக்கும் ஒரே ஒரு ஓட்டுதான்.

ஒரு தடவை நீலே ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். 16 வயது ஆகாதவர்கள் புகை பிடிக்கக் கூடாது என்றார். அது விஷம் என்று விளக்கிச் சொன்னார். பிள்ளைகள் பதில் வாதம் செய்தார்கள். ஓட்டு எடுத்தார்கள். நீல் பெருந்தோல்வி அடைந்தார்! அதற்காக அவர் முகம் சுளிக்கவில்லை. சபையின் முடிவு அவரையும் கட்டுப்படுத்தும்.

அப்படியானால் எல்லாவற்றையும் பிள்ளைகளிடமே விட்டுவிட்டார்களா? இல்லை. ஆசிரியர்களை நியமிப்பதும், ஆபத்து வராமல் காப்பதும் பெரியவர்கள் பொறுப்பு. சுதந்திரம் வேறு, மனம் போன போக்கு வேறு என்பதில் நீல் உறுதியாக இருந்தார். உன் இஷ்டப்படி நீ இருக்கலாம்; அடுத்தவனுக்குத் தொல்லை தரக்கூடாது. இவ்வளவுதான் அவர் வகுத்த கோடு.

படிக்காமலே போய்விட்டால்?

பெற்றோர்களின் மனத்தில் இந்தக் கேள்விதான் முதலில் எழும்.

வேறு பள்ளிகளிலிருந்து வருகிற பிள்ளைகள் முதலில் வகுப்புப் பக்கமே தலை காட்ட மாட்டார்கள். விளையாடுவார்கள், சுற்றுவார்கள். அந்த வெறுப்பு தீரச் சராசரியாக 3 மாதம் ஆகும் என்று நீல் கணக்குச் சொன்னார். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியிலிருந்து வந்த ஒரு சிறுமி மட்டும் 3 ஆண்டுகள் சும்மாவே இருந்தாளாம்! பிறகு ஒரு நாள் சலித்துப்போகும். தானாக வகுப்பில் போய் உட்காருவார்கள். பரீட்சை எழுத விரும்புகிறவர்கள் எழுதுவார்கள்.

குழந்தைகளின் படப் புத்தகங்களால் புகழ் பெற்ற ஜான் பர்னிங்ஹாம் இங்கே படித்தவர். சிறந்த சித்திரத்துக்காக இங்கிலாந்தில் தரப்பட்டுவந்த கேட் கிரீனவே பதக்கத்தை இரண்டு முறை பெற்றவர் அவர்.

ஆனால் பேர் பெற்றவர்களை எண்ணிப் பார்த்துப் பெருமைப்படுவது நீலின் வழக்கம் அல்ல. தெருக் கூட்டினாலும் சந்தோஷமாக இருக்கிறவன், மனம் நொந்து கிடக்கும் பண்டிதனைவிட மேல் என்பது அவர் கொள்கை.

எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. கட்டுப்பாடு இல்லாவிட்டால் நல்ல மூளையும் துருப்பிடிக்கும் என்று வாதம் செய்கிறவர்கள் உண்டு. சம்பளம் கட்டிப் படிக்கும் பள்ளி இது. ஏழைகளுக்கு எட்டுமா என்று கேட்கிறவர்களும் உண்டு. நியாயமான கேள்விகள்தான்.

வந்தது சோதனை!

1973-ல் நீல் காலமானார். அவர் மனைவி ஈனா பள்ளியை நடத்தினார். 1985-ல் மகள் ஜோயி பொறுப்பை ஏற்றார்.

1999-ல் அரசாங்கத்தின் பள்ளி ஆய்வாளர்கள் வந்தார்கள். பிள்ளைகள் வகுப்புக்கு வராமல் இருப்பதைப் பார்த்தார்கள். கடுமையான அறிக்கை எழுதினார்கள். கல்வி மந்திரியிடமிருந்து நோட்டீசு வந்தது. குறைகளைத் திருத்த வேண்டும். இல்லாவிட்டால் பள்ளியை மூட நேரிடும்.

பாடத்தைக் கட்டாயம் ஆக்கினால் பள்ளிக் கட்டடம் இருக்கும்; சம்மர்ஹில் இருக்காது. பள்ளி பணியவில்லை. வழக்குத் தொடுத்தது.

கோர்ட்டிலே கூடிய சபை

2000-ம் ஆண்டு மார்ச் மாதம். லண்டனில் உள்ள ராயல் கோர்ட்டுக் கட்டடத்தில் விசாரணை. பள்ளியின் சார்பில் பிரபல வழக்கறிஞர் ஜெப்ரி ராபர்ட்சன் வாதாடினார். மாணவர்களும் திரண்டு வந்திருந்தார்கள்.

சில நாட்களிலேயே வழக்கின் போக்கு மாறியது. அரசாங்கத் தரப்பு சமரசத்துக்கு முன்வந்தது! வகுப்புக்குப் போவதும் போகாததும் மாணவர் விருப்பம். இனி ஆய்வுக்கு வருகிறவர்கள் பள்ளியின் கொள்கையையும் மாணவர்களின் கருத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இவை சமரசத்தின் சாரம்.

இதை ஏற்பதா, வேண்டாமா? யார் முடிவு செய்வது?

வழக்கறிஞர்கள் முடிவு செய்யவில்லை. ஜோயியும் தனியாக முடிவு செய்யவில்லை. அந்தக் கோர்ட்டு அறையிலேயே பள்ளியின் சபை கூடியது! பெரிய மனிதர்கள் வாதாடிய இடத்தில் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். நிபந்தனைகளை அலசினார்கள். கேள்வி கேட்டார்கள். பிறகு ஓட்டு எடுத்தார்கள். சமரசத்தை ஏற்பது என்று முடிவாயிற்று. பள்ளி பிழைத்தது.

அந்தப் பிள்ளைகள் அன்று தடுமாறவில்லை. சைக்கிள் சண்டைக்கும், தூக்கம் கெட்ட புகாருக்கும் வாரா வாரம் கூடிப் பேசிப் பழகியவர்கள் அல்லவா? அடுத்தவர் பேசும்போது கேட்கத் தெரியும். தம் முறை வரும்போது பேசத் தெரியும். தோற்றால் ஒப்புக்கொள்ளத் தெரியும். வகுப்புப் பாடத்தில் யார் எவ்வளவு தேறினார்களோ, இந்தப் பாடத்தில் எல்லோரும் தேறியிருந்தார்கள்.

லெய்ஸ்டனில் அந்தச் சபை ஓய்ந்துவிடவில்லை. தூங்கப் போகும் நேரம் முதல் சண்டை வழக்கு வரையில், பிள்ளைகளின் கை உயர்ந்துதான் சட்டம் பிறக்கிறது.