நாற்பது ஆண்டு உறங்கிய சட்டம்

வல்லரசு ஒன்று தான் போரிற் கைப்பற்றிய தீவிலே, தன் நாட்டு முதலாளிகளுக்கே எல்லை வகுத்துச் சட்டம் இயற்றியது என்றாற் பலர் நம்பமாட்டார்கள். ஆயினும் அப்படியொரு சட்டம் 1900 ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி வாசிங்டன் நகரில் நிறைவேறியது. புவேட்டோ றிக்கோத் தீவில் விவசாயஞ் செய்யும் எந்தக் கம்பனியும் 500 ஏக்கருக்கு மேற்பட்ட காணியைத் தன் உடைமையிலோ கட்டுப்பாட்டிலோ வைத்திருத்தல் ஆகாது என்பதே அச்சட்டத்தின் சாரம். யாழ்ப்பாணத்துப் பரப்புக் கணக்கிற் சொன்னால் 8,000 பரப்பு. நமக்கு அது பெருங்காணியாகத் தோன்றலாம். கரும்பாலை முதலாளிக்கோ அது கொல்லைப்புறம்.

கரிபியன் கடலிலே கியூபாவுக்குக் கிழக்கே, நடுவில் இன்னொரு தீவு இருக்க அதற்கப்பால் உள்ளது புவேட்டோ றிக்கோ. நீளம் ஏறக்குறைய 100 மைல், அகலம் 35 மைல். நம் இலங்கையில் ஏழில் ஒரு பங்கு அளவினது. நடுவே மலை, சுற்றிவரக் கரையோரச் சமவெளி. மலையிற் கோப்பி, சமவெளியிற் கரும்பு. நானூறு ஆண்டுகளாக ஸ்பானியர் ஆண்ட இத்தீவில், 1898 ஆம் ஆண்டு யூலை மாதம் 25 ஆந் திகதி தென்கரைத் துறைமுகமான குவானிக்காவில் அமெரிக்கப் படைகள் இறங்கின. அவ்வாண்டு இறுதியிற் செய்யப்பட்ட பாரிஸ் உடன்படிக்கையினால் தீவு கைமாறியது. படை இறங்கிய அதே குவானிக்காவிற் பின்னர் எழுந்த கரும்பாலை, கரிபியன் கடற் பிரதேசத்தின் மிகப் பெரிய ஆலைகளுள் ஒன்றாக விளங்கியது.

படைக்குப் பின்னால் முதல் வந்ததென்றால் வெகுதூரத்திற் பின்தங்கி வரவில்லை. 1899 ஆம் ஆண்டிலேயே பொஸ்ரன் நகரத்து முதலீட்டாளர்கள் தென்கரையில் அகிரே என்னும் பழைய தோட்டத்தை வாங்கிவிட்டனர். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வீசிய பெரும் புயல் மூவாயிரத்துக்கும் அதிகமான உயிர்களைப் பலிகொண்டு, மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களையும் வேரோடு சாய்த்தது. கோப்பியை வாங்கிய ஸ்பானியச் சந்தையும் ஆட்சி மாற்றத்தோடு கைநழுவிப் போயிற்று. தீவின் பழைய நாணயமான பேசோவுக்கு 60 அமெரிக்கச் சதம் என்று மாற்று விலை விதித்தனர். கையிற் காசும் இல்லை, கடன் தருவாரும் இல்லை என்ற நிலையிற் காணியை விற்பதைத் தவிரச் சிறு உடைமையாளருக்கு வேறு வழி இருக்கவில்லை.

இந்த வேளையில் 500 ஏக்கர் எல்லையை வாசிங்டன் ஏன் வகுத்தது? அக்காலத்து அமெரிக்க மக்களிடையே பெருங் கம்பனிகளின் ஏகபோகத்தின்மேல் வெறுப்பு வளர்ந்திருந்தது உண்மை. ஆனால் அத்துடன் இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவிற் பீற்கிழங்கிலிருந்து சீனி செய்வோர், வெப்பவலயத் தீவிலிருந்து மலிவான கரும்புச் சீனி வந்து தங்கள் சந்தையைக் கெடுத்துவிடும் என்று அஞ்சினர். தீவிற் பெருந்தோட்டம் உருவாகாமல் தடுப்பது அவர்களுக்கு நயமாக இருந்தது. ஆகவே தீவின் ஏழைக்கு இரங்கிப் பிறந்த சட்டம் என்று இதனைப் புகழ்வதற்கில்லை. சட்டங்களின் பிறப்பை ஆராய்ந்தாற் பல வேளை இத்தகைய கலப்பையே காண்கிறோம்.

எது எவ்வாறாயினும் சட்டத்தை ஆக்கியோர் ஒன்றை மறந்தனர், அல்லது மறந்தது போல் இருந்தனர். மீறினால் என்ன தண்டனை என்பதை அவர்கள் எழுதவில்லை. யார் வழக்குத் தொடுப்பது என்பதையும் எழுதவில்லை. 1917 ஆம் ஆண்டிலே தீவாருக்கு அமெரிக்கப் பிரசாவுரிமை வழங்கிய யோன்ஸ் சட்டமும் 500 ஏக்கர் விதியை அப்படியே வைத்துக்கொண்டது. தண்டனையை அதுவும் சேர்க்கவில்லை.

கரும்பின் கணக்கு

கம்பனிகள் ஏன் இவ்வளவு காணியை அவாவின என்பதை அறியக் கரும்பின் இயல்பை அறிதல் வேண்டும். நெல்லை அறுத்துப் பட்டடையில் அடுக்கி வைக்கலாம். கரும்பை அவ்வாறு வைக்க இயலாது. வெட்டிய கரும்பு ஓரிரு நாளுள் ஆலைக்குப் போகாவிட்டாற் சாற்றிலுள்ள சீனிச்சத்துக் குறைந்துகொண்டே போகும். பெரிய ஆலையோ இரவு பகலாக ஓடினாலன்றிப் போட்ட முதலை மீட்காது. ஆகவே ஆலையைச் சுற்றிலுமுள்ள வயல்களிலிருந்து, நாட்கணக்குத் தவறாமற் கரும்பு வந்து சேர வேண்டும். 500 ஏக்கர்க் கரும்பு அத்தகைய ஆலைக்குச் சில நாட்களுக்கு மேற் காணாது. ஆலைக்காரன் காணியைத் தானே வைத்திருக்க விரும்புவதற்கும், புகையிரதப் பாதையைத் தானே போடுவதற்கும் இதுவே காரணம். இதிற் பேராசை மட்டும் இருந்தது என்று சொல்வது நேர்மையாகாது.

அத்துடன் 1901 ஆம் ஆண்டு முதல் தீவின் சீனி அமெரிக்காவினுள் வரியின்றிச் சென்றது. பிற நாட்டுச் சீனி சுங்க மதிலுக்கு வெளியே நிற்க, புவேட்டோ றிக்கோச் சீனி மதிலுக்கு உள்ளே இருந்தது. இந்த வாய்ப்பைக் கண்டு முதல் பெருகிற்று. அகிரே, குவானிக்கா, பஹார்டோ, கிழக்குக் கரையிலிருந்த இன்னொன்று என நான்கு அமெரிக்கக் கம்பனிகள் தீவின் சீனித்தொழிலிற் பெரும் பங்கைக் கைக்கொண்டன. 1934 ஆம் ஆண்டளவிற் தீவின் விளைச்சல் பத்து லட்சந் தொன்னைத் தாண்டியது.

சட்டம்? சட்டம் கம்பனிகளைப் பற்றியே பேசியது. கூட்டுப் பங்காளிகளைப் பற்றிப் பேசவில்லை. எனவே ஆலை ஒரு கம்பனியின் பெயரிலும், காணி ஒரு பங்காளி நிறுவனத்தின் பெயரிலும் இருக்கலாயிற்று. அகிரே ஆலைக்கு லூஸ் என்ற பெயரில் ஒரு பங்காளி நிறுவனம்; குவானிக்கா ஆலைக்கு ரசல் என்ற பெயரில் ஒன்று. உறுதியில் எழுதப்பட்ட பெயர் வேறு, கரும்பு போய்ச் சேரும் இடம் ஒன்று. நொத்தாரிசுமாரின் திறமையை நம்மவர்களும் அறிவார்களாதலால் இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. நீண்ட காலக் குத்தகை, நம்பிக்கைப் பொறுப்பு என வேறு வழிகளும் இருந்தன. அவ்வளவு சிரமமும் படாமல் வெளிப்படையாகவே எல்லையை மீறிய கம்பனிகளும் உண்டு. கேட்பார் இல்லை.

செத்த காலம்

இவ்வளவுக்கும் நடுவே கரும்பு வெட்டியவன் எங்கே வாழ்ந்தான்? அவனை 'அகிறகாடோ' என்று அழைத்தனர். ஒட்டிக்கொண்டவன் என்று பொருள் கொள்ளலாம். தோட்டத்துக் காணியிலே ஓலைக்குடில் கட்டி இருப்பதற்கு அவனுக்கு அனுமதி உண்டு, உரிமை இல்லை. முதலாளி போவென்றால் வீட்டையுஞ் சேர்த்து இழக்க வேண்டியதுதான். வேலையும் வீடும் ஒரே கையிற் கிடந்தால் மனிதன் எவ்வாறு வாய் அடங்கிப் போவான் என்பதை நம் மலைநாட்டு லயங்களை அறிந்தவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுமா?

வெட்டுக் காலம் ஆண்டின் முற்பாதி. பிற்பாதியிற் பெரும்பாலோருக்கு வேலை இராது. அம்மாதங்களை அவர்கள் 'செத்த காலம்' என்றனர். நம் இலக்கணத்தில் இறந்தகாலம் என்பது போய்முடிந்ததைக் குறிக்கும். அவர்களுக்கோ அது ஆண்டுதோறும் தவறாமல் வந்தது. 1930 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வெட்டுக் காலத்துக் கூலியே நாளொன்றுக்கு ஒரு டொலருக்குக் குறைவாக இருந்ததெனின், செத்த காலத்தில் அடுப்பு எரிந்த விதத்தை ஊகித்துக்கொள்ளலாம். கடைக் கடனும் பட்டினியும் கொக்கிப் புழு நோயும் சேர்ந்தே இருந்தன.

இந்த மனிதனிடம் விற்பதற்கு உழைப்பைத் தவிர இன்னொரு பொருளும் இருந்தது. அது அவனுடைய வாக்கு. தேர்தல் நாளிற் சில டொலருக்கு அது கைமாறியது. காணிக்காரன் சொன்ன பக்கம் புள்ளடி இடாவிட்டாற் குடில் போய்விடும் என்ற அச்சமும் இருந்தது.

எந்த அதிகாரத்தால்?

சட்டத்தை உறக்கத்தினின்றும் எழுப்பியவர்கள் தீவாரே. 1934 ஆம் ஆண்டிலே தீவின் பல்கலைக்கழகத் தலைவரான கார்லோஸ் சார்டோன் தலைமையில் வகுக்கப்பட்ட திட்டம், கம்பனிக் காணிகளை அரசாங்கம் வாங்கிச் சிறு உழவருக்குப் பகிர வேண்டுமென்றது. அடுத்த ஆண்டு தீவின் சட்டசபை, 500 ஏக்கர் விதியை மீறுவோர்மேல் வழக்குத் தொடுக்கும் அதிகாரத்தைத் தன் அரசாங்கத்துக்கு வழங்கிற்று. "இதனை எந்த அதிகாரத்தால் வைத்திருக்கிறாய்?" என்று அரசு ஒருவனைக் கேட்கும் பழைய ஆங்கில வழக்கு முறை இதற்குப் பயன்பட்டது.

முதலில் வலையில் அகப்பட்டது அமெரிக்கக் கம்பனி அன்று. ரூபேட் சகோதரர் என்னும் தீவுக் கம்பனியே. 12,000 ஏக்கருக்கு மேல் வைத்திருந்தது. வெளியாருக்காக வகுத்த எல்லையில் உள்ளூரார் முதலில் இடறி வீழ்ந்தது விசித்திரமே. 1938 ஆம் ஆண்டிலே தீவின் உயர்நீதிமன்றம் கம்பனிக்கு எதிராகத் தீர்த்தது. மேல்முறையீட்டில் அத்தீர்ப்புப் புரண்டது. வாசிங்டன் ஆக்கிய விதியை நடைமுறைப்படுத்தத் தீவுச் சட்டசபைக்கு உரிமையில்லை என்பதே எதிர்வாதம். இறுதியாக 1940 ஆம் ஆண்டு மார்ச் 25 ஆந் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீவின் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் பிராங்பேட்டர். சட்டம் பிறந்து அன்றைக்கு 40 ஆண்டுகளுக்கு ஒரு மாதமே குறைவு!

அதே ஆண்டு நவம்பரிலே தேர்தல் நடைபெற்றது. 1938 இல் மக்கள் சனநாயகக் கட்சியைத் தொடங்கிய லூயிஸ் முன்யோஸ் மரின், இளமையிற் கவிஞராகவும் பத்திரிகையாளராகவும் இருந்தவர். அமெரிக்கர் தீவில் இறங்கிய அதே 1898 இற் பிறந்தவர். உழவனின் ஓலைத்தொப்பி கட்சியின் சின்னம்; உணவு, காணி, சுதந்திரம் என்பன முழக்கம். மலைப்பாதைகளிலும் கரும்பு வயல்களிலும் நடந்து அவர் சொன்ன முக்கியமான செய்தி ஒன்றே: வாக்கை விற்காதீர்கள். காசை வாங்கினால் நியாயத்தைக் கேட்க முடியாது என்று விளக்கினார். மக்கள் கேட்டனர். மேற்சபை அவர் கட்சியின் வசமாயிற்று.

1941 ஆம் ஆண்டு ஏப்ரிலிற் காணிச் சட்டம் நிறைவேறிக் காணி அதிகார சபை அமைந்தது. எல்லைக்கு மேற்பட்ட காணியை அது பறிக்கவில்லை. விலை கொடுத்து வாங்கியது. வாங்கிய காணி மூவகையாகப் பயன்பட்டது. முதலாவது, ஆதாயப் பங்குப் பண்ணைகள். வயலைத் துண்டாடாமல் ஒரு முகாமையாளரிடம் ஒப்படைத்து, ஆண்டு முடிவில் வரும் ஆதாயத்தைத் தொழிலாளர் உழைத்த நாட் கணக்கின்படி பகிர்வது ஏற்பாடு. கரும்பின் கணக்கையும் கைவிடாமல் ஏழையையும் கைவிடாமல் இருக்க எண்ணிய அழகிய யோசனை. ஆயினும் தொழிலாளியின் பங்கு பெருந்தொகையாக என்றும் இருந்ததில்லை. அவனுக்கு முகாமையாளர் இன்னொரு துரையாகவே தோன்றியிருப்பார். இரண்டாவதாக, சிறு உழவர்க்கு 5 முதல் 25 ஏக்கர் வரையான பண்ணைகள். இவை அதிகம் பரவவில்லை.

மூன்றாவதே தீவை மாற்றியது. அகிறகாடோக் குடும்பங்களுக்குக் கால் ஏக்கர் முதல் மூன்று ஏக்கர் வரை நிலம். ஊர்ச் சனங்கள் திரண்டு நிற்கத் திருவுளச் சீட்டு எடுத்துத் துண்டு பகிர்ந்தனர். அதனை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். கடைக்காரனும் கம்பனியும் மறுபடி வாங்கிச் சேர்த்துவிடாமல் இருக்கவே இந்தக் கட்டு. நாலு பரப்பு நிலத்திற் பிழைக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் எவனும் எழும்பு என்று சொல்ல முடியாத இடத்தில் ஒருவன் வீடு கட்டினான், வாழை வைத்தான், வேண்டியவனுக்கு வாக்களித்தான். பல்லாயிரக் கணக்கான குடும்பங்கள் இவ்வாறு குடியேறின.

இவ்விடத்து நம் நாட்டை ஒருகணம் எண்ணாமல் இருக்க முடியவில்லை. இலங்கையில் 1972 ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனி ஆளுக்கு 50 ஏக்கர் என்று எல்லை வகுத்தது. நெற்காணியாயின் 25 ஏக்கர். பொதுக் கம்பனிகளின் தோட்டங்களை அது தொடவில்லை. அதற்கு 1975 ஆம் ஆண்டுத் திருத்தம் வேண்டியிருந்தது. புவேட்டோ றிக்கோவிலோ கம்பனிக்கு எல்லை, தனி ஆளுக்கு இல்லை. வேலியில் எந்தப் பக்கம் பொட்டு விடுவது என்பதில் மட்டுமே இரு தீவுகளும் வேறுபட்டன எனலாம்.

கரும்பின் கதை பின்னர் விரைவாக முடிந்தது. 1952 இல் விளைச்சல் 13 லட்சந் தொன்னைக் கடந்து உச்சத்தைத் தொட்டது. ஆனால் அதற்கு முன்பே, 1947 முதல், தீவின் அரசாங்கம் வரிச்சலுகை கொடுத்து ஆலைத்தொழில்களை அழைக்கத் தொடங்கியிருந்தது. வயலை விட்டுத் தையல் ஆலைக்கும், அங்கிருந்து நியூ யோர்க்குக்கும் சனங்கள் போயினர். கரும்பு வெட்ட ஆள் இல்லை. ஆலைகளை அரசாங்கமே ஏற்று நட்டத்தில் நடத்திப் பார்த்தது. அகிரே ஆலை 1990 இல் மூடப்பட்டது. 2000 ஆம் ஆண்டை ஒட்டிக் கடைசி ஆலைகளும் நின்றுபோயின. உண்ணும் உணவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இன்று கப்பலில் வந்து இறங்குகிறது.

500 ஏக்கர் விதி மட்டும் இறக்கவில்லை. 1952 இல் நடைமுறைக்கு வந்த தீவின் அரசியல் யாப்பில் அது ஏறி இருக்கிறது. கரும்பு நின்ற தென்கரைச் சமவெளியில் அண்மைக் காலத்திற் பன்னாட்டு விதைக் கம்பனிகள் சோளமும் சோயாவும் பயிரிட்டுப் பார்க்கின்றன. ஆண்டு முழுவதும் வெயில் இருப்பதால் ஓராண்டிற் பல போகம் எடுக்கலாம் என்பதே அவர்களை ஈர்த்தது. அவற்றுட் சிலவற்றின் கையில் 500 ஏக்கருக்கு மேல் இருப்பதாகவும், அக்காணியின் ஒரு பகுதி 1941 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பிறந்த அதே காணி அதிகார சபை குத்தகைக்குக் கொடுத்தது என்றும் தீவின் பத்திரிகையாளரும் உழவர் அமைப்புகளும் எடுத்துக்காட்டியுள்ளனர். யாப்பிலுள்ள 'உடைமை', 'கட்டுப்பாடு' என்ற இரு சொற்களுக்குள் குத்தகை அடங்குமா அடங்காதா என்பது பற்றி அங்கே வாதம் நடக்கிறது.